பச்சைக் கப்பில் முந்திரிப் பாயசம்

ஐந்து மாதம் புது மாப்பிள்ளையாக இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதைவிடத் தனிமையான உத்தியோகம் கிடையாது. நீங்கள் தும்மினால் வீடே எழுந்து நிற்கும். சாம்பாரைப் பார்த்து லேசாக முகம் சுளித்தால் பக்கத்து வீட்டிலிருந்து வேறு சாம்பார் வரும். ஆனால் நீங்கள் கூடத்துக்குள் நுழைந்ததும், அதுவரை கலகலவென்று கேட்டுக்கொண்டிருந்த பேச்சு டக்கென்று நின்றுவிடும். யாரும் உங்களைக் கிண்டல் செய்ய மாட்டார்கள். யாரும் திட்ட மாட்டார்கள். நீங்கள் தப்பாக ஏதாவது செய்யப் போனால், தடுக்கவும் மாட்டார்கள். இந்தக் கடைசி மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது.

என் சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு. மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், தண்ணீர் விட்டால் சேறாகும், அதில் நாற்று நடலாம் என்பதுதான். பெண் எடுத்தது விருத்தாசலத்தில். மாமனாருக்கு அங்கே ஒரு சின்ன செராமிக் பட்டறை இருந்தது. மின்சார ஃபியூஸ் கட்டைகள், அகல் விளக்குகள், பொம்மைகள் செய்வார்கள். அந்த வருடம் புதிதாக ஒரு கடைக்காரர் கேட்டாரென்று காது வைத்த சின்னச் சின்னக் கப்புகளும் செய்துகொண்டிருந்தார்கள். நானோ சென்னையில் ஒரு கம்பெனியில், மற்றவர்களுடைய கம்ப்யூட்டர் ஏன் ஓடவில்லை என்று போனில் கேட்கிற வேலையில் இருந்தேன். (பெரும்பாலும் பிளக் சொருகியிருக்காது.)

அந்த வீட்டில் எனக்கு வேடிக்கையாகப் பட்ட பழக்கம் ஒன்று உண்டு. யார் கையில் எந்தக் கப்பைக் கொடுத்தாலும், முதலில் அதை விரலால் ஒரு சுண்டு சுண்டுவார்கள். 'டிங்' என்று கேட்டால்தான் வாயில் வைப்பார்கள். டீக்கடைக் கண்ணாடி டம்ளரைக்கூட மாமா சுண்டிப் பார்த்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சரியான சந்தேகப் பிராணிகள் என்று நினைத்துக்கொண்டேன். சுகந்தியிடம் (என் மனைவி) இதைச் சொல்லிச் சிரித்தபோது, "நீங்களும் பழகிக்கிட்டா நல்லதுங்க" என்றாள். நான் பழகிக்கொள்ளவில்லை.

எங்களுக்கு ஆவணியில் கல்யாணம். ஐந்து மாதம் கழித்துத் தலைப் பொங்கலுக்குப் போனபோதுதான் அந்த விழா வந்தது. ஊர் வணிகர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, காணும் பொங்கலன்று சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் பாட்டுக் கச்சேரியும் சாப்பாட்டுக் கடைகளுமாக ஏற்பாடு செய்திருந்தார்கள். எல்லாம் இலவசம். நன்றாகச் சமைப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு பந்தல் கொடுப்பார்கள். அவரவர் தங்களுக்குக் கைவந்த ஒரே ஒரு பதார்த்தத்தைச் செய்து, வருகிறவர்களுக்கெல்லாம் ருசி பார்க்கக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு பந்தல் என் மாமியாருக்குக் கிடைத்திருந்தது.

என் மாமியார் பெயர் சரோஜா. நான் அத்தை என்று கூப்பிடுவேன். பட்டறை ஆட்களுக்குப் பல வருடங்களாக மதியச் சாப்பாடு போட்ட கை அவருடையது. அவருக்கு ஓர் ஆசை இருந்தது: கல்யாண மண்டபத்தில் சமையல் ஆர்டர் எடுத்துத் தன் பெயரில் செய்ய வேண்டும். ஊரில் மண்டபம் வைத்திருந்தவர்களில் ஒருவர் ஹாஜியார். வளைகுடாவில் நெடுநாள் சம்பாதித்து வந்து கடையும் மண்டபமும் கட்டியவர். அவருடைய மண்டபத்தில் எல்லாருடைய கல்யாணமும் நடக்கும். பழைய சமையல்காரர் போய்விட்டதால் புது ஆள் தேடிக்கொண்டிருந்தார். "விழாவுல வந்து ஒரு வாய் சாப்புட்டுப் பாக்கறம்மா. அப்பறம் முடிவு பண்ணிக்கலாம்" என்று அத்தையிடம் சொல்லியிருந்தார்.

மாமாவுக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. "வூட்டுல பதினஞ்சு பேருக்குப் பொங்கறது வேற, மண்டபத்துல ஐநூறு பேருக்குப் பொங்கறது வேற. பந்தியில எவனாவது எகிறுனா, நீ எதுத்து ஒரு வார்த்த பேசுவியா?" என்று கேட்பார். அத்தை பாத்திரம் தேய்க்கப் போய்விடுவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஆனால் பொங்கலுக்கு முந்தின நாளிலிருந்து அவர் முந்திரிப் பருப்பை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். சொத்தை ஒன்றுகூடப் போய்விடக் கூடாதாம். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த விஷயத்தில் அத்தைக்கு நான் ஏதாவது செய்தாக வேண்டும்.

அதில் என் சுயநலமும் இருந்தது, மறைப்பானேன்? அந்த வீட்டில் எல்லாரும் ஏதாவது வேலை செய்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் மின்விசிறிக்கு நேர் கீழே போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் எடுக்க எழுந்தால், "மாப்ள, நீங்க எதுக்கு எழுந்திருக்கணும்?" என்று மூன்று பேர் ஓடி வருவார்கள். விருந்தாளியாகவே இருந்து விருந்தாளியாகவே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று எனக்கு உண்மையிலேயே ஏக்கமாக இருந்தது. இவர்களுக்கு ஒரு வேலையை வெட்டி முறித்துக் காட்டிவிட்டால் நானும் வீட்டு ஆளாகிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

காணும் பொங்கலன்று மத்தியானம் அத்தை எடுத்து வைத்த சாமான்களுக்கு நடுவே பேப்பர் கப் கட்டுகளைப் பார்த்ததும் எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. (என் வாழ்க்கையின் பெரும்பாலான துயரங்கள் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.) செராமிக் ஊரில், செராமிக்காரர் வீட்டுப் பாயசத்தைப் பேப்பர் கப்பிலா கொடுப்பது? வெட்கக்கேடு! பட்டறையில்தான் அடுக்கடுக்காகக் கப் இருக்கிறதே. ஹாஜியார் கையில் நம் பட்டறைக் கப்பில் நம் பாயசம் போனால் எப்படி இருக்கும்? யாரிடமும் சொல்லக் கூடாது, திடீரென்று கொண்டு போய் இறக்கி எல்லாரையும் அசத்த வேண்டும் என்று தீர்மானித்தேன்.

பட்டறைக்குப் போனேன். விடுமுறை. சூளை பார்க்கும் தனபால் அண்ணன் மட்டும் வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். உள்ளே ஒரு பக்கம் அட்டைப்பெட்டிகளில் வைக்கோல் வைத்து ஏதோ கட்டி வைத்திருந்தார்கள். இன்னொரு பக்கம் நீளப் பலகைகளில் வரிசை வரிசையாகக் கப், கைக்கு எட்டுகிற உயரத்தில், வெள்ளை வெளேரென்று. பளபளப்பு இல்லை. சென்னையில் காபிக்கு அநியாய விலை வாங்குகிற கடைகளில் இப்படித்தான் பளபளப்பில்லாத கப்பில் கொடுப்பார்கள். அடடா, மாமா எப்படி நாகரிகமாக மாறியிருக்கிறார் என்று மெச்சிக்கொண்டேன்.

கூடைகளில் எடுத்து அடுக்கத் தொடங்கினேன். கப் ஒவ்வொன்றும் பூவாட்டம் லேசாக இருந்தது. ஏழெட்டுக் கப்புகளின் காது பிய்ந்து என் கையோடு வந்தது. தரம் சரியில்லையே என்று வருத்தப்பட்டேன். (மாமாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று போனில் குறிப்புகூட எழுதி வைத்தேன்.) மேலே தூசியாக இருந்ததால் துணியால் துடைத்தேன். துணி வெள்ளையானது. மறுபடியும் துடைத்தேன். மறுபடியும் வெள்ளையானது. ஒரே கப்பைக் கால் மணி நேரம் துடைத்தேன். கப் கொஞ்சம் மெலிந்ததே தவிர, தூசி போனபாடில்லை. பலகையில் இவ்வளவு தூசி படிய விட்டிருக்கிறார்களே என்று தனபால் அண்ணன்மேல் கோபம்கூட வந்தது.

அவரும் அதற்குள் எழுந்து வந்து நின்றார்.

"மாப்ள... அது வந்து..."

"இருக்கட்டும்ணே, நான் பாத்துக்கறேன்."

"இல்ல மாப்ள, அது இன்னும்..."

"தெரியும்ணே, இன்னும் நெறைய இருக்குது. இது போதும்."

"மொதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"வேண்டாம்ணே! சர்ப்ரைஸ்!"

தனபால் அண்ணன் தலையைச் சொறிந்தார். வேறு யாராவது அந்தப் பலகையில் கை வைத்திருந்தால் அந்தக் கையை முறித்திருப்பார். என்னைப் பார்த்து, "சரிங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கி ஆட்டோவில் வைக்கவும் உதவினார். பந்தலில் அழகுக்கு அடுக்கி வைக்கப் போகிறேன் என்று அவராகவே நினைத்துக்கொண்டாராம். பிற்பாடு விசாரணையில் சொன்னது.

நான் போய்ச் சேர்ந்தபோது மைதானம் நிரம்பியிருந்தது. திட்டக்குடி, கம்மாபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். இலவசம் என்றதும் தூக்குவாளியோடு வந்தவர்களும் உண்டு. பந்தல் பந்தலாக வாசனை வந்தது. ஒரு பக்கம் பிரியாணி, ஒரு பக்கம் வாழைப்பூ வடை, ஒரு பக்கம் கேழ்வரகுக் கூழும் கருவாடும். மேடையில் கச்சேரிக்காரர்கள் "செக், செக், ஒன் டூ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பந்தலுக்கு முன்னால் ஏற்கெனவே நீண்ட வரிசை நின்றது.

அத்தை பந்தலின் பின்பக்கம் அடுப்பில் பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். முதுகு எங்கள் பக்கம்.

"அத்தை, நீங்க கிண்டுங்க. ஊத்திக் குடுக்கறத நான் பாத்துக்கறேன்."

"ஐயோ, நீங்க எதுக்கு மாப்ள? சுகந்தி வந்துடுவா. நீங்க போயி முன்வரிசையில மாமா பக்கத்துல உக்காருங்க. மின்விசிறி வச்சிருக்காங்க."

"இருக்கட்டும் அத்தை!"

அவர் மேலே வற்புறுத்தவில்லை. மாப்பிள்ளையை வற்புறுத்தக் கூடாது. பாயசத்தை ஜக்கில் மொண்டு, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினார். நான் பேப்பர் கப் கட்டுகளை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, பட்டறைக் கப்புகளை வரிசையாக அடுக்கி, ஆவி பறக்கப் பறக்க ஊற்றினேன். குடித்துவிட்டுக் கப்பைப் போட ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். என் நிர்வாகத் திறமையைக் கண்டு எனக்கே பெருமையாக இருந்தது.

வரிசையில் மூன்றாவதாக வந்த பெரியவர் ஒருவர் கப்பை வாங்கினார். உள்ளூர்க்காரர். வாங்கியதும் விரலால் ஒரு சுண்டு சுண்டினார். 'தொப்' என்றது. அவர் கப்பைப் பார்த்தார். என் பட்டுக்கரை வேட்டியைப் பார்த்தார்.

"நீங்க செராமிக்காரரு வூட்டு மாப்ளதானே?"

"ஆமாங்க."

"நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே, நாக்கு வெந்தாலும் பரவாயில்லை என்பது போல ஒரே மூச்சில் குடித்தார். கப்பை மேசைமேல் பதமாக வைத்துவிட்டு, வேகமாகப் போய்விட்டார். பாயசத்தின் ருசி அப்படி என்று நான் எடுத்துக்கொண்டேன். இன்னும் நாலைந்து பேர் அதே மாதிரி சுண்டினார்கள், அதே மாதிரி என்னைப் பார்த்தார்கள், அதே மாதிரி அவசரமாகக் குடித்தார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஊருக்கே நான் மாப்பிள்ளை! வெளியூர்க்காரர்கள் சுண்டவில்லை. கப்பை வாங்கிக்கொண்டு நிதானமாக நாற்காலிகளைப் பார்த்துப் போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டியை எட்டிப் பார்த்தேன். பத்திருபது பேராவது அதில் கப் போட்டதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். தொட்டியில் ஒரு கப்கூட இல்லை. தண்ணீர் மட்டும் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. ஊர்க்காரர்கள் கப்பைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. (ஒரு விருத்தாசலத்துக்காரர் எதற்காக செராமிக் கப்பைத் திருட வேண்டும் என்று யோசிக்கிற அளவு புத்தி இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.) இனிமேல் தொட்டியில் ஒரு கண் வைத்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் ஹாஜியார் வந்து முன்வரிசையில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வெள்ளைத் தொப்பி. நான் ஜக்கில் அடியில் தங்கியிருந்த முந்திரியையெல்லாம் அள்ளிப் போட்டு, ஒரு கப்பை விளிம்பு வரை நிரப்பி, தட்டில் வைத்து நானே கொண்டு போனேன். மாமா என்னைப் பார்த்துப் பதறி எழுந்தார். "மாப்ள, நீங்க எதுக்கு..." கப்பைச் சரியாகக்கூட அவர் பார்க்கவில்லை. நான் நிற்கும்போது தான் உட்கார்ந்திருக்கிறோமே என்ற தவிப்பு அவருக்கு.

ஹாஜியார் கப்பை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். வாயில் வைக்கப் போனார். அப்போது பார்த்து மேடையில் வரவேற்புரை ஆரம்பித்துவிட்டது. மரியாதை தெரிந்த மனிதர். ஒருவர் பேசும்போது குடிப்பது சரியில்லை என்று கப்பை மடிமேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். பேசியவர் ஊரின் பெருமையிலிருந்து தொடங்கினார். கோயிலைச் சொன்னார், ஆற்றைச் சொன்னார், முந்திரியைச் சொன்னார். "நம் ஊர் செராமிக் பொருட்களுக்கு ஈடு உண்டா?" என்று கேட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். ஹாஜியாரும் தட்டலாமென்று ஒரு கையை எடுத்தார்.

அதே நேரம் ஐந்தாவது வரிசையிலிருந்து ஒரு பெண், "அம்மாடி, சுடுது சுடுது!" என்று அலறியபடி எழுந்தாள். அவள் கையில் கப்பின் காது மட்டும் இருந்தது. அடுத்து இந்தப் பக்கம் ஒருவர். அடுத்து அந்தப் பக்கம் இருவர். பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மைதானம் முழுக்க ஆட்கள் ஒவ்வொருவராகத் துள்ளித் துள்ளி எழுந்தார்கள். ஒருவர் விரலிடுக்கில் வெண்சேறு வழிந்தது. ஒருவர் வாயில் எதையோ மென்று, யோசித்து, துப்பினார். மேடையிலிருந்த தவில்காரர், பேச்சு முடிந்துவிட்டதாக நினைத்து ஓங்கி ஓர் அடி அடித்தார். அந்த அடியில் ஹாஜியாரின் கப்புக்கு அடிப்பாகம் மொத்தமாகக் கழன்றது.

மடி நிறைய முந்திரிப் பாயசத்தோடு ஹாஜியார் எழுந்து நின்றார். வெள்ளை வேட்டி முட்டி வரைக்கும் நனைந்து, வெண்சேறாக ஒழுகியது. கையில் அடியில்லாத ஒரு வளையம். அதன் வழியாக என்னைப் பார்த்தார்.

பின்னால் திரும்பினேன். பந்தலுக்கு வெளியே அத்தை நின்றார், கையில் கரண்டியோடு. மேசையிலிருந்த கப் ஒன்றை எடுத்தார். சுண்டினார். 'தொப்'.

அவர் முகம் சுருங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை. மூன்று நாள் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய முந்திரி. பல வருட ஆசை. எல்லாம் ஹாஜியார் வேட்டியில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் கண் கலங்கியது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று நின்றேன்.

"டேய்!"

அத்தை யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

"ஒன்னத்தான்டா! அறிவு இருக்குதாடா ஒனக்கு? பச்சக் கப்புடா இது! சூளையே பாக்காத மண்ணுடா! வேகாத கப்புல கொதிக்கிற பாயசத்த ஊத்துவானாடா எவனாவது? எடுக்கச்ச ஒரு சுண்டு சுண்டிப் பாத்தியாடா?"

மைதானமே எங்கள் பக்கம் திரும்பியது. மேடையிலிருந்தவரும் பேச்சை நிறுத்திவிட்டார். அப்போதுதான் வந்து சேர்ந்த சுகந்தி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"சரோஜா... ஏய்... மாப்ளடி... நம்ம மாப்ள..."

"மாப்ளயாவது மண்ணாங்கட்டியாவது!" என்றார் அத்தை. "மாப்ள மாப்ளன்னு எல்லாரும் வாய மூடிக்கிட்டு இருந்ததாலதான் இந்தக் கூத்து! நிக்கிறான் பாரு மரமாட்டம்! டேய், மேசக்கடியில பேப்பர் கப்பு இருக்குதா? எடுத்துப் பிரி! சுகந்தி, லைன நிறுத்து. யாரும் அந்தக் கப்புல குடிக்கக் கூடாதுன்னு சத்தமா சொல்லு. நீங்க என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? போயி ஹாஜியாருக்கு ஒரு வாளி தண்ணியும் துண்டும் கொண்டாங்க! மேடையில யாருங்க, பாடுங்க! சும்மா வேடிக்க பாத்துக்கிட்டு!"

கச்சேரிக்காரர்கள் பாட ஆரம்பித்தார்கள். மாமா வாளிக்கு ஓடினார். சுகந்தி வரிசையை நிறுத்தினாள். நான் மேசைக்கு அடியில் நாலு காலில் தவழ்ந்து பேப்பர் கப் கட்டைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். ஒரு பாட்டு முடிவதற்குள் அந்தப் பந்தல் ஒன்றுமே நடக்காதது போல மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை ஊற்றினார், நான் நீட்டினேன். "சிந்தாம குடுடா." "வாய் பாத்துக்கிட்டு நிக்காத." "அந்தக் கொழந்தைக்கு ஆற வச்சிக் குடு."

அப்போது எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அவமானத்துக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது. முதலில் அது என்னவென்று பிடிபடவில்லை. சேத்தியாத்தோப்பில் என் அம்மா இதே மாதிரிதான் கத்துவாள். வீட்டு ஆட்களைத்தான் அப்படிக் கத்துவாள். விருந்தாளி எவ்வளவு பெரிய தப்பு செய்தாலும் சிரித்துக்கொண்டே காபி கொடுப்பாள். ஐந்து மாதமாக எனக்கும் சிரித்துக்கொண்டே காபி கொடுத்திருந்தார்கள். இப்போதுதான் ஒருவர் என்னைத் திட்டுகிறார். மேசைக்கு அடியில் பல்லில் பிளாஸ்டிக் உறையோடு, எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். (ஆவி கண்ணில் பட்டுவிட்டது என்று சுகந்தியிடம் சொன்னேன்.)

கூட்டம் ஓய்ந்ததும் அத்தை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். நானும் குற்றவாளியாகப் பின்னால் போனேன். ஹாஜியார் கழுவிய ஈர வேட்டியோடு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"தப்பாயிடுச்சுங்க பாய். மன்னிச்சிடுங்க" என்றார் அத்தை. குரல் பழையபடி உள்ளே போய்விட்டிருந்தது.

"மன்னிக்கறது இருக்கட்டும்மா. பாயசம் எங்க? வேட்டிக்குக் குடுத்தீங்க, எனக்கு இன்னும் குடுக்கலயே" என்றார் ஹாஜியார்.

நான் ஓடிப்போய்ப் பேப்பர் கப்பில் கொண்டு வந்தேன். அவர் அந்தப் பேப்பர் கப்பையும் விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு நிதானமாகக் குடித்து முடித்தார்.

"பாயசம் நல்லா இருக்குது. ஆனா பாயசம் நல்லா வக்கிறவங்க ஊருல பத்துப் பேரு இருக்காங்கம்மா. எம் மண்டபத்துல எப்பவும் வம்பு வர்றது ருசியால இல்ல. மாப்ள வூட்டு ஆளு ஒருத்தன் சமையக்கட்டுல பூந்து, அத இப்பிடிப் பண்ணு, இத அங்க எறக்குன்னு நாட்டாம பண்ணுவான். மாப்ள வூட்டாச்சேன்னு யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. பந்தி நாறிப்போவும். போன சமையக்காரரு அதனாலதான் போனாரு." கப்பைக் கசக்கி ஓரமாக வைத்தார். "நீங்க சொந்த மாப்ளையவே இந்த வாங்கு வாங்கறீங்க. அடுத்தவங்க மாப்ள உங்களுக்கு எம்மாத்திரம்? மாசியில மொத கல்யாணம் வருது. வந்து அடுப்பப் பாத்துட்டுப் போங்க."

அத்தை சிரிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுத்து ஒரு வார்த்த பேசுவியான்னு கேட்டனே" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார்.

அந்தக் கப்புகள் கடைக்காரருடைய ஆர்டருக்காகக் காய வைத்தவை. பொங்கல் விடுமுறையை நீட்டிக்கொண்டு, தனபால் அண்ணனோடு பட்டறையில் உட்கார்ந்து நானும் புதிதாகக் கப்புகளை அச்சில் வார்த்தேன். "கவலப்படாதீங்க மாப்ள, பச்ச மண்ணுல ஒரு வசதி. வேகாத வரைக்கும் எத்தன தடவ வேணாலும் கரைச்சித் திரும்ப வார்த்துக்கலாம். வெந்துட்டா அவ்வளவுதான், ஒடஞ்சா ஒடஞ்சதுதான்" என்றார். மைதானத்திலிருந்து அள்ளி வந்த, பாயசம் கலந்த மண்ணுக்கு மட்டும் அந்த வசதியும் இல்லை. பட்டறை எறும்புகள் ஒரு வாரம் இலவச விழா கொண்டாடின.

இதில் நான் உண்மையில் பயந்தது விழாவுக்கு மறுநாள் காலையில்தான். அத்தை காபியோடு வந்தார். இரவெல்லாம் அழுத முகம். அடியில் தட்டு வைத்து, இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"மாப்ள... நேத்து ஏதோ ஆத்திரத்துல வாய் தவறி... ஊரு பாக்க உங்கள... நீங்க மனசுல வச்சிக்காதீங்க."

நீங்க! உங்கள! எனக்குப் பகீரென்றது. ஒரே ஒரு சாயங்காலம் வீட்டு ஆளாக இருந்துவிட்டு மறுபடியும் மின்விசிறிக்குக் கீழே போய் உட்காருவதா?

"அதெல்லாம் செல்லாது அத்தை. ஒரு தடவ டா சொன்னா சொன்னதுதான். இனிமே நீங்க போங்க வாங்கன்னா நான் சென்னைக்கு பஸ் ஏறிடுவேன்" என்றேன். சொல்லிவிட்டு, முந்தின நாள் கற்றுக்கொண்டதைக் காட்டுவதற்காக, காபிக் கப்பை விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். 'டிங்'.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை மடக்கி என் உச்சந்தலையில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்னும் வேகலடா" என்றார்.

உள்ளே சுகந்தி வெடித்துச் சிரித்தாள். அந்த வீட்டில் நான் இருக்கும்போது யாரும் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இதெல்லாம் நடந்து எட்டு வருடமாகிறது. ஹாஜியார் மண்டபத்தில் முகூர்த்தம் என்றால் அத்தைதான் சமையல். மாமா சாமான் பட்டியல் எழுதுகிறார். மாப்பிள்ளை வீட்டார் யாரும் சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. விடுமுறைக்குப் போனால் எனக்கும் பந்தியில் வேலை உண்டு. கூட்டத்துக்கு நடுவே, "டேய், ரசம் எங்கடா?" என்று குரல் கேட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், நான் ஓடுவேன். அந்த வீட்டில் யார் கையில் கப்பைக் கொடுத்தாலும் ஒரு சுண்டுதான் சுண்டுகிறார்கள். என் கையால் கொடுத்தால் மட்டும் மூன்று முறை சுண்டுகிறார்கள். என் ஆறு வயது மகள் உள்பட.

ஒவ்வொரு முறையும் வாசலில் பையை வைத்ததும் அத்தை முதலில் என் தலையில் தட்டிக் காது வைத்துக் கேட்கிறார். குடும்பம் மொத்தமும் சுற்றி நின்று தீர்ப்புக்குக் காத்திருக்கும். எனக்குப் பதவி உயர்வு கிடைத்த வருடம் தட்டினார், "இன்னும் வேகல" என்றார். வீடு கட்டிக் குடிபோன வருடமும் தட்டினார், அப்போதும் வேகவில்லை. போன பொங்கலுக்குத் தட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கூடுதலாகக் காதைச் சாய்த்தபடி நின்றார். வெந்துவிட்டது என்று ஒரு நாள் சொல்லிவிட்டால், மறுநாளிலிருந்து "வாங்க மாப்ள, உக்காருங்க" என்று ஆரம்பித்துவிடுவாரோ?

"இன்னும் பச்ச மண்ணுதான்" என்றார். "போயி கையக் கழுவிட்டு வந்து எலையப் போடுடா."

நிம்மதியாகக் கைகழுவப் போனேன்.